விலை கூடின மாத்திரை

நாலு வருஷமாக மலர்க்கொடி வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுக்கிறாள். வேண்டாம் என்று சொன்ன வீடு ஒன்றுகூட இல்லை. அதில் எத்தனை மாத்திரை வாய்க்குள் போகிறது என்று கேட்டால் மட்டும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாலிகண்டபுரத்திலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர் போனால் அவள் ஊர். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற பூமி. சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு மாதாமாதம் அரசாங்க மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவளுக்கு. தோளில் ஒரு பை, பைக்குள் பிரஷர் மிஷின், சர்க்கரை மிஷின், காகித உறைகளில் மாத்திரை. ஒவ்வோர் உறையிலும் பேரும் வயசும் எழுதி, எழுத்துத் தெரியாதவர்களுக்காகக் காலைக்கு ஒரு சூரியன், ராத்திரிக்கு ஒரு பிறை என்று பேனாவால் அவளே வரைந்து வைப்பாள். மாசம் ஐயாயிரத்துச் சொச்சம் வரும். அதைச் சம்பளம் என்றுகூடச் சொல்லக்கூடாதாம், ஊக்கத்தொகையாம்.

அவளுடைய அம்மா இதே ஊரில் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவள். கூலியை வாசலுக்கு வெளியே நின்று வாங்கியவள். மலர்க்கொடி பன்னிரண்டாவது வரை படித்து, மகளிர் குழு வழியாக இந்த வேலைக்கு வந்தாள். அம்மா வெளியே நின்ற அதே வீடுகளில் இன்று நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, கையை நீட்டிப் பிரஷர் பார்க்கச் சொல்கிறார்கள். ஒன்றிரண்டு வீடுகளில் மட்டும் இன்னமும், “செவுத்து மேல வச்சிட்டுப் போ மலரு” என்பார்கள். வைத்துவிட்டு வந்துவிடுவாள். அன்றைக்கு அவள் வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்.

உட்கார வைத்தாலும் சரி, சுவரில் வைக்கச் சொன்னாலும் சரி, ஒரு விஷயத்தில் ஊரே ஒற்றுமை. காசு கொடுக்காமல் கிடைக்கிற மாத்திரைக்குச் சக்தி கிடையாது. டாக்டருக்கு முந்நூறு ரூபாய் கொடுத்து, மருந்துக் கடையில் வெள்ளித்தாள் பளபளக்கிற அட்டையாக வாங்கி, கடைக்காரர் அதைக் கத்தரியால் நறுக்கிக் கொடுத்தால்தான் நோய் பயப்படும். மலர்க்கொடி கொடுப்பதை வாங்காமல் விட்டால் அவள் மனசு கஷ்டப்படுமே என்று வாங்கிக்கொள்கிறார்கள். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

இதில் அவளே ஒருநாள் வழுக்கி விழுந்தாள்.

அவள் கணவன் அங்கமுத்து குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். இங்கிருந்து வெங்காயம் ஏற்றித் திருச்சி மார்க்கெட்டில் இறக்குவான். ஐம்பத்திரண்டு வயசு, ஒரு தலைவலி என்று படுத்தது கிடையாது. போன வருஷம் தை மாதம், நல்ல மத்தியான நேரத்தில், மூட்டை ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டிச் சக்கரத்தில் சாய்ந்துவிட்டான். நூற்றியெட்டு வந்தது. வண்டியில் வந்த ஆள் மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டே, “பெரம்பலூர் ஜி.எச்.சுக்குப் போயிடலாங்க்கா. தேவைப்பட்டா அங்கேருந்தே அரியலூர் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பிடுவாங்க” என்றான்.

மலர்க்கொடி தலையாட்டப் போனாள். அதற்குள் திருப்பூரிலிருந்து மகன் ரஞ்சித்குமார் போனில் கத்தினான். “யம்மா, ஜி.எச்.ல போட்டு அப்பாவைக் கொன்னுடாத! பிரைவேட்டுக்குப் போ, பணம் நான் பாத்துக்கறேன்.”

ஊரெல்லாம் போய், அரசாங்க வைத்தியத்துக்கு என்ன குறைச்சல் என்று பேசுகிறவள் அவள். அந்த நிமிஷம் அந்தப் பேச்செல்லாம் எங்கே போனதோ. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவனின் சாம்பல் பூத்த முகத்தைப் பார்த்தாள். “பிரைவேட்டுக்கே போங்க தம்பி” என்று சொல்லிவிட்டாள்.

குறை சொல்லக்கூடாது, பிழைக்க வைத்தார்கள். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். அரசாங்கக் காப்பீட்டு அட்டையை நீட்டியபோது மட்டும் கவுன்டரில் இருந்த பெண் அதைத் தொடாமலே, “இந்த பேக்கேஜ் கார்டுல வராதுங்க” என்றாள். எந்த பேக்கேஜ்தான் வரும் என்று கேட்டதற்கு, டாக்டரிடம் கேட்கச் சொன்னாள். டாக்டர் கவுன்டரில் கேட்கச் சொன்னார். இரண்டுக்கும் நடுவே நடந்து நடந்து கால் வலித்ததுதான் மிச்சம். குட்டியானை விலை போனது. ரஞ்சித்குமார் கம்பெனியில் ஒரு வருஷச் சம்பளத்தை முன்கூட்டியே வாங்கினான்.

ஆஸ்பத்திரியோடு முடிந்ததா என்றால் இல்லை. மாத்திரை மாசம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். ஆயுசுக்கும் சாப்பிட வேண்டுமாம். அவள் ஊக்கத்தொகையில் பாதிக்கு மேல் மருந்துக் கடைக்கே போனது. மூன்றாவது மாதம் ஒருநாள், அடுப்பில் உலை கொதிக்கிற நேரத்தில், அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தாள். பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பேர். அதற்குக் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி மருந்தின் பேர். அந்தப் பேரை அவளுக்குத் தெரியும். நாலு வருஷமாகத் தன் கையால் எழுதுகிற பேர். பையைக் கொட்டி ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். கொழுப்பு மாத்திரை அதேதான். பிரஷர் மாத்திரை அதேதான்.

மறுநாளே டிஸ்சார்ஜ் காகிதங்களை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நந்தினி டாக்டர் முன்னால் போய் நின்றாள். நந்தினி சின்ன வயசு, பொறுமையாகப் பார்க்கிறவர். அட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தார்.

“மலர்க்கா, இதுல நாலு நம்மகிட்ட இருக்கறதேதான். ரெண்டு இங்கயே தரலாம், ரத்தம் உறையாம இருக்கறதுக்கான ரெண்டையும் ஜி.எச்.லேருந்து வரவழைச்சுத் தரேன். மிச்சம் ரெண்டு கேஸ் மாத்திரையும் சத்து மாத்திரையும். அது இல்லாட்டியும் பரவால்ல. ஆனா ஸ்டென்ட் வச்சவரு, ஒருநாள்கூட விடக்கூடாது. அவர்கிட்ட வெவரமா சொல்லிக் குடுங்க.”

“சரிங்க மேடம்” என்றாள். அங்கமுத்துவின் பேரும் அவளுடைய நோட்டில் ஏறியது.

விவரமாகத்தான் சொன்னாள். உறையை நீட்டியதும் அங்கமுத்து அதை வாங்கிச் சுவரோரம் வீசினான். “ஊருக்கெல்லாம் குடுக்கற ஓசி மாத்திரையை எனக்குக் குடுக்கறியா? வண்டியை வித்து உசுரு பொழைச்சிருக்கேன் புள்ள. காசு மிச்சம் புடிக்க நாந்தான் கெடைச்சனா?”

அவள் உறையைப் பொறுக்கி எடுத்தாள். அவனுடைய மாத்திரைகள் இருந்தது ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். தனியார் ஆஸ்பத்திரியில் நூற்றியிருபது ரூபாய்க்கு விற்றது, காலைக்கு ஓர் அறை, ராத்திரிக்கு ஓர் அறை என்று ஏழு நாளைக்கும் பிரித்தது. அதை வாராவாரம் நிரப்புவது அவள்தான். அவன் அட்டையைப் பார்ப்பதில்லை, அறையைத் திறந்து வாயில் போட்டுக்கொள்வான், அவ்வளவுதான். அந்த வாரம் அவள் டப்பாவை அரசாங்க மாத்திரையால் நிரப்பினாள். திருட்டு வேலை மாதிரி இருந்தது. ஆனால் நிரப்பினாள்.

இரண்டாம் நாள் அவன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். “என்ன மலரு, மஞ்சள் மாத்திரை வெள்ளையா இருக்கு?”

“கம்பெனி மாத்திட்டானாம். இது வெல கூட” என்றாள் அவள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

“வெல கூடன்னா சரி.” மடக்கென்று விழுங்கினான். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

எல்லாம் சுலபமாக நடக்கவில்லை. ஒரு மாதம் ஜி.எச்.சிலிருந்து மருந்து வந்து சேரவில்லை. “மருந்து கேட்டு இன்டென்ட் போட்டிருக்கு, வரும்” என்றார்கள். வரும் வரும் என்று பதினோரு நாள் ஓடியது. அந்தப் பதினோரு நாளும் அவள் பெரம்பலூர் கடையில் தன் காசில் வாங்கி டப்பாவில் போட்டாள். இலவசம் என்று எழுதிவிட்டு இருப்பு வைக்காமல் இருந்தால் ஊர்க்காரன் ஏன் நம்புவான் என்று அன்றைக்கு அவளுக்கே அரசாங்கத்தின்மேல் ஆத்திரமாக வந்தது.

அரசாங்க மாத்திரைக்கு மாறி இரண்டு மாதம் கழித்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்குப் போனார்கள். எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர், “வெரி குட். மாத்திரையை விடாம சாப்பிடறீங்க, அதான் ஹார்ட் நல்லா இருக்கு” என்றார். அங்கமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தான். மலர்க்கொடிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இப்போதாவது சொல்லிவிடலாமா என்று பஸ்ஸில் வரும்போது இரண்டு தடவை வாயைத் திறந்தாள். நல்லா இருக்கிறவனை கலைப்பானேன் என்று மூடிக்கொண்டாள். அங்கேதான் தப்பு செய்தாள்.

வண்டி இல்லாத அங்கமுத்துவுக்கு இப்போது வேலை, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுவது. பேச்சு முழுக்கத் தன் நெஞ்சைப் பற்றி.

“மாசம் மூவாயிரத்துக்கு முழுங்கறேன். அதான் ஒங்க முன்னாடி ஒக்காந்திருக்கேன். ஓசி மாத்திரையா இருந்தா மூணாம் நாளே பாடை கட்டியிருப்பீங்க.” யாராவது நம்பாமல் பார்த்தால் அடுத்ததைச் சொல்வான். “ஏன், எம் பொண்டாட்டியே அரசாங்க மாத்திரை குடுக்கறவதான? அவளே எனக்குன்னா பிரைவேட்லதான் வாங்கியாறா. வெவரம் தெரிஞ்சவ, பாத்துக்கங்க!”

இதற்கு மேல் ஊருக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? மலர்க்கொடி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதன் பலனைப் பார்த்தாள். உறையை வாங்குகிறவர்கள் முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு. “ஏம் மலரு, மாமாவுக்கு எந்தக் கடையில வாங்கறே? எங்களுக்கும் சொல்லேன்” என்று கேட்டார்கள். அவள் உண்மையைச் சொல்லாமல் நடந்தாள். சொன்னால் அங்கமுத்து டப்பாவைத் தூக்கி எறிவான். ஒருநாள்கூட விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஊருக்காக வீட்டுக்காரனைப் பணயம் வைக்க அவளால் முடியவில்லை.

தெருக்கோடியில் அம்மாக்கண்ணு. மலர்க்கொடிக்கு ஒன்றுவிட்ட அக்கா முறை. கணவன் இல்லை, பருத்தி எடுக்கிற கூலி, மகள் வெற்றிச்செல்வியை நர்ஸிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். பிரஷர் எப்போது பார்த்தாலும் நூற்றியெழுபதுக்குக் குறையாது. “மாத்திரை சாப்பிடறியாக்கா?” என்று கேட்டால், “தெனம் சாப்புடறேன் மலரு” என்பாள். மலர்க்கொடி நோட்டில் ‘கொடுக்கப்பட்டது’ என்ற கட்டத்தில் டிக் அடிப்பாள். ‘சாப்பிடப்பட்டது’ என்று ஒரு கட்டம் அந்த நோட்டில் கிடையாது. மேலேயிருந்து வருகிறவர்களும் டிக்கைத்தான் எண்ணுவார்கள்.

ஐப்பசி மாதம் ஒரு காலையில் அம்மாக்கண்ணு பருத்திக் காட்டில் விழுந்தாள். வலது கையும் காலும் வரவில்லை, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. நூற்றியெட்டில் ஏற்றிப் பெரம்பலூர் ஜி.எச்.சுக்குக் கொண்டுபோனார்கள். மலர்க்கொடி அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஓடினாள். கட்டில் கிடைக்கப் பொழுது சாய்ந்தது. ஆனால் ஸ்கேனுக்கோ ஊசிக்கோ யாரும் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

வார்டுக்கு வெளியே வெற்றிச்செல்வி நின்றாள். கையில் ஒரு மஞ்சள் பை. அதை மலர்க்கொடியிடம் நீட்டினாள். உள்ளே மாத்திரை உறைகள், ஐந்து மாதத்து உறைகள், ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. எல்லாவற்றிலும் மலர்க்கொடியின் கையெழுத்து, அவள் போட்ட சூரியன், அவள் போட்ட பிறை.

“அரிசிப் பானைக்குப் பின்னாடி இருந்துச்சு சித்தி. அம்மா பிரைவேட் டாக்டர்கிட்ட காட்டி மாத்திரை வாங்குச்சு. கைல இருந்த காசுக்குப் பத்து நாளைக்குத்தான் வரும். மிச்ச இருவது நாளைக்குச் சும்மா இருந்துக்கும்.”

“சும்மா இருந்துச்சா? இதைச் சாப்பிட்டிருக்கலாமேடி! கையிலதான இருந்துச்சு!”

“நானும் சொன்னேன். பிரைவேட் மாத்திரை சாப்புட்ட ஒடம்புல ஓசி மாத்திரை சேராதாம். ரெண்டையும் கலந்தா விசமாயிடுமாம்.” வெற்றிச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சித்தப்பாவுக்கு நீங்களே இதைக் குடுக்கறதில்லையாமே சித்தி. அப்பறம் நான் எப்படி அதை நம்பவைக்கறது?”

மலர்க்கொடி உறைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் திருப்பி வைத்தாள். அம்மாக்கண்ணுமேல் கோபம், அங்கமுத்துமேல் கோபம், மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு மாசம் முழுக்க வாங்கக் காசு இருக்கிறதா என்று கேட்காத டாக்டர்மேல் கோபம். எல்லாவற்றையும்விடத் தன்மேல் கோபம். ஐந்து மாதமும் டிக் அடித்தது அவள் கைதான்.

ஊரில் இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக டீக்கடைக்குப் போனாள். அங்கமுத்து நாலைந்து பேருக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் படித்தாள். “அங்கமுத்து, வயசு அம்பத்திரண்டு. ஏழு மாசமா அரசாங்க மாத்திரை. ஏழு டிக்கும் நாந்தான் போட்டிருக்கேன்.”

அங்கமுத்து டீக் கிளாஸைக் கீழே வைத்தான். “என்ன ஒளர்றே?”

“ஒளரல. டப்பாவுல நான் போட்டதெல்லாம் என் பையில இருக்கறதுதான். டாக்டரம்மா பாத்து எழுதிக் குடுத்ததுதான். அதைத் தின்னுதான் ஒங்க நெஞ்சு நல்லா இருக்கு. அந்தப் பெரிய டாக்டரே சொன்னாருல்ல, வெரி குட்டுன்னு? நீங்க இங்க ஒக்காந்து பேசுன பேச்சைக் கேட்டு எங்கக்கா மாத்திரையைப் பானைக்குப் பின்னாடி வச்சிட்டு இப்ப வாய் கோணிப் படுத்திருக்கா.”

அவன் எழுந்தான். கத்துவான் என்று நினைத்தாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டான். “அன்னிக்கு ஆம்புலன்சுல பிரைவேட்டுக்குப் போன்னு சொன்னது யாரு மலரு? நானா?”

பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள்.

“நாந்தான். பயந்துட்டேன்” என்றாள். “பயத்துல சொன்னேன். தப்புத்தான்.”

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். அவளுக்கு ஒன்றும் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்த அங்கமுத்து சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு நெஞ்சைத் தடவினான். “அதான் கொஞ்ச நாளா மூச்சு வாங்குது” என்றான். ஏழு மாதமாக வாங்காத மூச்சு, தெரிந்த ஒரு மணி நேரத்தில் வாங்கியது. அன்று ராத்திரி டப்பாவைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. அவள் கெஞ்சினாள், திட்டினாள், அவனுடைய எக்கோ காகிதத்தை எடுத்து முகத்துக்கு நேராக நீட்டினாள். நந்தினி டாக்டர் போனில் பேசினார். “சரிங்கம்மா, சரிங்கம்மா” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தான். டப்பா அப்படியே இருந்தது.

“மலர்க்கா, எதையாவது சாப்பிட வைங்க” என்றார் டாக்டர் அவளிடம் தனியாக. “ஸ்டென்ட் அடைச்சிக்கிட்டா நம்மால ஒண்ணும் பண்ண முடியாது.”

மூன்றாம் நாள் காலை முதல் பஸ்ஸில் மலர்க்கொடி பெரம்பலூர் போனாள். கடைக்காரர் அதே ஆறு அட்டைகளை எடுத்து வைத்தார். கேஸ் மாத்திரை வேண்டுமா, சத்து மாத்திரை வேண்டுமா என்று கேட்டார். எல்லாம் வேண்டும் என்றாள். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரமாக இருந்தது இப்போது மூவாயிரத்து நாற்பது. மருந்தின் பேரைப் பொடி எழுத்தில் அவள் படிக்கவில்லை. என்ன எழுதியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அங்கமுத்து அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, கம்பெனிப் பேரைப் பார்த்து, தேதியைப் பார்த்து, பில்லையும் வாங்கிப் பார்த்தான். தன் கையாலேயே பிதுக்கி எடுத்து விழுங்கினான். கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்.

“இப்பத்தான் மூச்சே சீரா வருது” என்றான்.

“மாசம் மூவாயிரத்து நாப்பது” என்றாள் மலர்க்கொடி. “நல்லா இழுத்து விடுங்க.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜி.எச்.சுக்கு பஸ் ஏறினாள். வார்டில் அம்மாக்கண்ணுக்கு நர்ஸ் மத்தியான மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அம்மாக்கண்ணு இடது கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு மலர்க்கொடியைப் பார்த்தாள். குழறலாக ஏதோ கேட்டாள். இரண்டாம் தடவைதான் புரிந்தது. அங்கமுத்து இதைத்தான் சாப்பிடுகிறாரா என்று கேட்கிறாள்.

“ஏழு மாசம் சாப்பிட்டாரு அக்கா. இதுன்னு தெரிஞ்சதுலேருந்து தொடல.”

அம்மாக்கண்ணு மாத்திரையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். மலர்க்கொடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பிடித்துக்கொண்டு, அவள் விழுங்கும்வரை அந்தக் கட்டிலைவிட்டு நகர்வதில்லை என்று நின்றாள்.